விருந்தும் சுற்றமும்

2025 ஆம் ஆண்டு சித்திரை மாதத் தொடக்கத்தில் என் மனைவியின் தாயார் நாகபட்டினத்திலே கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். எங்கள் வீட்டில் முப்பது நாட்கள் தங்குவதற்கு அவருக்கு அனுமதி இருந்தது. அவரிடமிருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. அதிலே பிறந்த இடம் என்ற வரிக்கு நேரே 'ஹட்டன், இலங்கை' என்று அச்சாகியிருந்தது. குடிவரவு அதிகாரி அந்த வரியையும் அவரது முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று மட்டும் கேட்டாராம். பின்னர் சுற்றுலாப் பயணி என்ற வகையிலே அவரை உள்ளே விட்டார்.

இதனை அவர் வழியெல்லாம் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு வந்தார். "பொறந்த ஊரச் சுத்திப் பாக்க வந்திருக்கேன்னு எழுதிக்கிட்டாங்க மாப்பிள்ளை" என்று சிரித்தார். பிறந்த மண்ணிற்கு ஒருவர் விருந்தினராக வருவது எங்ஙனம் என்ற வினா அப்போது எனக்கு எழவில்லை. பெட்டியைத் தூக்கி முச்சக்கர வண்டியில் வைப்பதிலேயே என் கவனம் இருந்தது. முப்பது நாள் முடிவதற்குள் அவ்வினா என்னை விட்டு அகலாத ஒன்றாயிற்று. அதனை ஓரளவேனும் தெளிவுபடுத்திக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றேன். என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் அதனைச் சொல்ல இயலாது. வாசகர் பொறுத்தருள்க.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். விருந்து என்னும் சொல்லிற்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புக்களுள் ஒன்றிற்கு விருந்து எனப் பெயரிட்டமையும் இப்பொருள் பற்றியே. முன்னறியாத புதியவனே விருந்தினன். உண்ணும் உணவிற்கு அப்பெயர் வந்தமை பிற்கால வழக்கு. வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளை எண்ணுமிடத்து விருந்தையும் சுற்றத்தையும் வேறு வேறாகவே எண்ணுகிறார். விருந்தோம்பலுக்கு இல்லறவியலிலே தனியோர் அதிகாரம் வகுத்திருக்கிறார். சுற்றத்தைத் தழுவுதல் பற்றிய அதிகாரமோ பொருட்பாலிலே வருகின்றது. ஆக, அந்நியனை ஏற்பது ஓர் அறம். உறவினனைத் தழுவுவது பிறிதோர் அறம். முன்னதிற்கு மரியாதை அளவுகோல். பின்னதிற்கு உரிமை அளவுகோல். விருந்தினனுக்கு நல்ல பாயை விரிக்கிறோம். உறவினனிடம், அந்தப் பாயை எடுத்து விரி என்கிறோம்.

இவ்விரு வகையிலும் அடங்காத ஒருவர் உண்டாயின் அவர் சம்பந்திதான். அதுவும் கடல் கடந்து, வேறொரு வாழ்க்கை முறையிலிருந்து, முதன்முறையாக வரும் சம்பந்தி. அவர் விருந்தா, சுற்றமா?

வேறொரு வாழ்க்கை முறை என்று நான் சொல்வதைக் கேட்டு என் சக ஆசிரியர்கள் நகைத்தனர். இரு பக்கமும் தமிழர், இரு பக்கமும் சைவர், இதிலே என்ன கலப்பு என்றனர். ஜேர்மன்காரியையோ நோர்வேக்காரியையோ மணம் முடித்து வரும் எம்மவர் குடும்பங்களையே அவர்கள் கலப்புக் குடும்பங்களாகக் கருதுகின்றனர். ஆயின், ஒரு மொழி என்பதாலேயே ஒரு பண்பாடு ஆகிவிடுமா? என் மாமியாரின் தமிழிலே எங்கள் தாயாருக்கு விளங்காத சொற்கள் பல இருந்தன. எங்கள் தாயாரின் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கிற்று. நான் அவரை மாமி என்றழைத்தால் யாரோ அயல்வீட்டுப் பிராமண அம்மாளை அழைப்பதுபோல் இருக்கிறது என்று அவர் நாணினார். அத்தை என்பதே அவர் எதிர்பார்த்த சொல். என் மகளுக்கு அவர் அம்மம்மா அல்லர், அம்மாயி. இவையெல்லாம் இனிய வேறுபாடுகள். இனிமையற்ற வேறுபாடு ஒன்றும் இருந்தது. அதனை நானே மூடி வைத்திருந்தேன்.

முதுமாணிப் படிப்பிற்காகத் தமிழ்நாட்டிற்குச் சென்றிருந்தபோது என் மனைவியைச் சந்தித்தேன். அவர் நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். திருமணப் பேச்செழுந்தபோது என் தாயாரிடம், பெண் நீலகிரியில், தகப்பனார் தேயிலைத் தோட்டத்திலே வேலை செய்தவர் என்று சொன்னேன். இரண்டும் உண்மை. நீலகிரிக்கு அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை. என் தாயார் கேட்கவுமில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லாதிருத்தல் பொய்யாகாது என்று அன்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். ஆசிரியர்கள் இத்தகைய சமாதானங்களை இலகுவில் ஆக்கவல்லவர்கள்.

அவர்கள் இங்கிருந்தே அங்கு சென்றவர்கள். மாமியார் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்தவர். அவருடைய தாயும் அங்கேயே பிறந்தவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தனர். எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. 1974 இல், தோட்டங்களிலே பட்டினி நிலவிய அந்தக் காலத்தில், பதினொரு வயதுச் சிறுமியாக மாமியார் தலைமன்னாருக்கு ரயிலேறினார். ஒப்பாரிக் கோச்சி என்று மலையக மக்கள் பெயரிட்டது இத்தகைய ரயில்களுக்கே. பாட்டனாரின் தம்பி குடும்பத்திற்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்ததால் அவர்கள் நின்றுவிட்டனர். அக்கரையிலே இவர்களை ஏற்றது மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட கூலித்தொழிலாளரை மறித்துவைத்துச் சோதித்தனுப்பியதும் அதே முகாம்தான் என்பது மனங்கொளத்தக்கது. பின்னர் நீலகிரி. தாயகம் திரும்புவோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தால் பல குடும்பங்கள் அங்கே குடியேறின. மீண்டும் கொழுந்து, மீண்டும் கூடை, மீண்டும் லயம். இங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர்.

இவ்விடத்தில் எம்மவரையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 1948 இல் அச்சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து நின்றமை எமக்குப் பெருமை தருவது. ஆனால் 1964 ஒக்டோபரில் அந்த ஒப்பந்தத்தைச் செய்த அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சி பங்காளியாக அமர்ந்திருந்தது. வடபகுதித் தமிழ்ப் பிரதிநிதிகளும் இவ்விடயத்தில் ஒருமுகமாக நிற்கவில்லை. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றுவதற்கு அப்பிளவும் ஒரு காரணம். எனவே நீதிபதி ஆசனத்தில் ஏறியமர்ந்து பிறரைக் குறை கூறும் தகுதி எங்களில் எவருக்கும் முழுமையாக இல்லை. என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து எழுதும் எனக்கு அது அறவே இல்லை. ஏன் என்பதைச் சொல்கின்றேன்.

வந்த அன்று மாலை என் தாயார் கண்ணாடி அலுமாரியைத் திறந்து பீங்கான் கோப்பைகளை வெளியே எடுத்தார். அவை ரொறன்ரோவிலிருந்து சித்தி வரும்போது மட்டும் வெளியே வருபவை. சித்தி வருகிறாரென்றால் வீட்டிற்கு வெள்ளையடிப்போம்; கிணற்றடியைப் புதுப்பிப்போம். (கடல் கடந்து வருவோரிலும் இரு வகை உண்டு, எந்தக் கடலைக் கடந்தார் என்பதைப் பொறுத்தது அது.) கோப்பைகளைக் கண்டு என் உள்ளம் குளிர்ந்தது. தாயார் சம்பந்தியை 'நீங்கள்' என்று விளித்தார். இராச் சாப்பாட்டிற்குப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறியபோது ஊர், பெயர், வம்சம் என்று பேச்சுத் தொடர்ந்தது. அப்போது மாமியார் எவ்வித ஒளிப்புமறைப்புமின்றி, "நா பொறந்ததே இங்க அட்டன் பக்கந்தாங்க சம்பந்தியம்மா. லயத்துலதான் வளந்தேன்" என்றார். என் தாயார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ என்று கேட்டார். வேறொன்றும் நிகழவில்லை.

மூன்றாம் நாள் பீங்கான் கோப்பைகள் அலுமாரிக்குள் திரும்பியிருந்தன. மாமியார் எவர்சில்வர் தம்ளரில் தேநீர் அருந்தினார். 'நீங்கள்' என்பது 'நீர்' ஆகியிருந்தது. மாமியாரோ விடியுமுன் எழுந்து, சட்டி பானைகளைத் துலக்கிவிட்டு, அடுக்களையின் பின்வாசற்படியில் குந்தியிருந்தார். முன்விறாந்தைக் கதிரையில் அமரும்படி எத்தனை முறை சொன்னாலும், "இருக்கட்டுங்க மாப்பிள்ளை, இங்க காத்து நல்லா வருது" என்பதே விடை.

'நீர்' என்ற சொல்லை யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ளவர் விளங்கிக்கொள்வது சற்றுக் கடினம். அது 'நீ'யும் அன்று, 'நீங்கள்' உம் அன்று. இரண்டுக்கும் இடையிலே நிற்பது. கணவன் மனைவியை நீர் என்பான். ஆசிரியர் வளர்ந்த மாணவனை நீர் என்பார். நெருங்கிய தோழியர் ஒருவரை ஒருவர் நீர் என்பர். அதிலே மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு, வேண்டுமானால் சற்றே மேலிருந்து பார்க்கும் பார்வையும் உண்டு. இம்மூன்றில் எது மேலோங்குகின்றது என்பதைச் சொல் சொல்லாது. சொல்பவரின் உள்ளமே அறியும். சில வேளை அதுவும் அறியாது. மாமியாருக்கு இச்சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. "சம்பந்தியம்மா நாடகத்துல ராசா பேசுற மாதிரி பேசுறாங்க" என்று மகளிடம் சொல்லி மகிழ்ந்தாராம்.

இங்கேதான் வினா கூர்மையடைகின்றது. கோப்பை அலுமாரிக்குள் போனதன் பொருள் யாது? மூன்று நாளில் சம்பந்தி விருந்து நிலை நீங்கிச் சுற்றமாகிவிட்டார். சுற்றத்திற்குப் பீங்கான் எதற்கு? நாங்கள் எல்லாரும் எவர்சில்வர் தம்ளரில்தானே அருந்துகின்றோம் என்று கொள்ளலாம். அல்லது, இந்தியாவிலிருந்து வந்த சம்பந்தி தோட்டத்துப் பெண் என்று தெரிந்தவுடன் மரியாதை ஒரு படி இறங்கியது என்றும் கொள்ளலாம். செயல் ஒன்றே, பொருள் இரண்டு. அவர் பாத்திரம் துலக்குவதும் அவ்வாறே. அது மகள் வீட்டில் தாய் எடுத்துக்கொள்ளும் உரிமையா, பெரிய வீட்டுக் கதிரையில் அமர அஞ்சும் பழக்கமா?

சமமானவர்களிடையே இந்தச் சிக்கல் எழாது. சித்தி மூன்றாம் நாள் தம்ளருக்கு இறங்கினால் அது அன்பு என்பதில் ஐயமில்லை. ஏற்றத்தாழ்வின் வரலாறு இடையிலே கிடக்கும்போதுதான் அன்பின் அடையாளமும் அவமதிப்பின் அடையாளமும் ஒரே உருவில் வருகின்றன. இதிலே இன்னொன்றும் உண்டு. அந்த மயக்கத்தை மயக்கமாகவே விட்டுவைப்பது மேலே இருப்பவனுக்கு வசதி. உறவாகத்தானே பழகுகின்றோம் என்று அவன் தன்னை மெச்சிக்கொள்ளலாம். பழைய படிநிலையும் குலையாது. கீழே இருப்பவருக்கோ அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் வழி கிடையாது. ஏன் கோப்பையை மாற்றினீர்கள் என்று விருந்தினர் கேட்க முடியுமா?

நெடுநாள் சிந்தித்ததில் ஓர் உரைகல் மட்டும் எனக்குத் தென்பட்டது. உரிமை இரு திசையிலும் ஓடுகிறதா என்பதே அது. என் தாயார் நீர் என்றார். மாமியார் இறுதிவரை நீங்க, சம்பந்தியம்மா என்றே அழைத்தார். மாமியார் எங்கள் பாத்திரங்களைத் துலக்கினார். அவர் குடித்த தம்ளரை என் தாயார் துலக்கியதை நான் காணவில்லை. நான் துலக்கினேனா என்று கேட்டால், அந்த வீட்டில் எவர் தம்ளரையும் நான் துலக்கியதில்லை. விருந்தோம்பினோம், விருந்தோம்பினோம் என்று ஆண்கள் எழுதும்போது அடுப்படியில் நின்றவர் யார் என்பதை மறந்துவிடுகின்றோம். என் தாயாரை நான் நிறுத்த நினைத்த கூண்டிலே முதலில் நிற்கவேண்டியவன் நானே என்பது பதினோராம் நாள் வெளியாயிற்று.

வருடப்பிறப்பிற்கு முந்திய நாட்களில் வீடு வளவு துப்புரவு செய்வது வழக்கம். மாமியார் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னறையில் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் படலையைத் திறந்து வந்தார். நல்ல மனம் படைத்தவர். எனக்கு ஏடு தொடக்கியவரும் அவரே. முற்றத்தைப் பார்த்தார், திண்ணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் தாயாரைப் பார்த்தார். "நல்லதாய்ப் போச்சு, வேலைக்கு ஆள் கிடைச்சிட்டுதோ?" என்றார்.

எனக்கு எல்லாம் கேட்டது. பேனை கையிலே நின்றுவிட்டது. எழுந்து வெளியே சென்று சொல்லவேண்டிய வாக்கியம் என்ன என்பதும் தெரிந்தது. ஆயினும் நான் எழவில்லை. ஐந்து விநாடியோ பத்து விநாடியோ இருக்கும். மேடைகளிலே சமத்துவம் பேசியவன், மாணவர்க்குச் சாதியொழிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுப்பவன், அந்தப் பத்து விநாடியும் தாள்களின் மேல் குனிந்திருந்தேன். பேசியவர் என் தாயார். "இல்லை ரீச்சர், இவ எங்கட சம்பந்தி. மருமேளின்ர தாய்" என்றார். குரலில் தயக்கம் இருக்கவில்லை.

அதன் பின்னரே நான் வெளியே வந்தேன். வந்து சொன்னது என்ன தெரியுமா? "இந்தியாவிலிருந்து வந்திருக்கிறா" என்றேன். அது உண்மை. ஆனால் அந்த உண்மையை நான் ஒரு போர்வையாகவே எடுத்து அவர்மேல் போர்த்தினேன். இந்தியா என்றால் கோயிலும் பட்டுச்சேலையும் சினிமாவும் நினைவுக்கு வரும்; தோட்டம் நினைவுக்கு வராது. மாமியார் விளக்குமாற்றைச் சார்த்தி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "பொறந்தது இங்கதாங்க டீச்சரம்மா, அட்டன் பக்கம்" என்று என் போர்வையை விலக்கினார்.

ஆசிரியைக்கு நாணமாகிவிட்டது. தாம் செய்த பிழையைச் சரிசெய்ய அன்போடு முயன்றார். "அட்டனோ? எங்கட வீட்டிலையும் அட்டன் பக்கத்துப் பெட்டை ஒண்டு கன காலம் நிண்டது. நல்ல பிள்ளை. சோலி சுரட்டில்லை" என்றார். மாமியார் ஆவலோடு, "அப்படிங்களா? அந்தப் புள்ள பேரு என்னங்க?" என்று கேட்டார். ஆசிரியை யோசித்தார். நெற்றியைத் தடவினார். பெயர் நினைவுக்கு வரவில்லை. "நாங்கள் பிள்ளை, பிள்ளை எண்டுதான் கூப்பிடுறது" என்றார். மாமியார் விடவில்லை. தம் லயத்திலிருந்து இரண்டு சிறுமியர் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டதாகவும், தாம் கப்பலேறும் வரை அவர்கள் திரும்பவில்லை என்றும் சொல்லி, இருவர் பெயரையும் சொன்னார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அவருக்குப் பெயர்கள் நினைவிருந்தன.

அன்றிரவு என் தாயாரிடம் கோப்பையைப் பற்றிக் கேட்டேன். கேட்ட தொனியில் குற்றச்சாட்டு இருந்திருக்க வேண்டும். அவர், "அவதானே தம்பி கேட்டவ. பீங்கான் கையில வழுக்குது, உடைச்சுப்போடுவன், தம்ளரிலை தாங்கோ எண்டு" என்றார். இருக்கலாம். உடைந்துவிடுமோ என்ற அச்சமும் வறுமையிலே கற்ற அச்சம்தானே என்று நான் தொடங்கினேன். என் மனைவி இடைமறித்தார். "அத்தையச் சொல்லாதீங்க. அவங்க சம்பந்தின்னு சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்க?" என்றார். நான் வாயடைத்துப் போனேன். இன்றுவரை அந்தக் கோப்பையின் பொருள் எனக்கு உறுதியாகத் தெரியாது. என் வாக்கியத்தின் பொருள் மட்டும் தெரியும்.

மெய்யியலாளர் கான்ட் 1795 இல் வெளியிட்ட நிரந்தர சமாதானம் பற்றிய சிறுநூலில் விருந்தோம்பலைக் கருணையாக அன்றி உரிமையாகவே எடுத்துப் பேசுகிறார். பூமி உருண்டையானது, மனிதர் முடிவின்றி விலகிச் செல்ல இடமில்லை, ஆதலால் அந்நிய மண்ணிலே கால் வைத்த எவனும் பகைவனாக நடத்தப்படாதிருக்க உரிமையுடையவன் என்பது அவர் வாதம். ஆனால் அவ்வுரிமை வந்து செல்லும் உரிமையே. தங்கியிருக்கும் விருந்தினனுக்குரிய உரிமை அன்று என்று வரம்பும் கட்டுகிறார். வருகை என்ற பெயரிலே பிற நாடுகளைக் கைப்பற்றிய ஐரோப்பியரை அவர் கண்டித்தமையும் கூறத்தக்கது. அவர் வகுத்த நீதி என் மாமியாரின் முன்னால் தடுமாறுகின்றது. வந்து, தங்கி, காட்டைத் தோட்டமாக்கி, மூன்று தலைமுறை பெற்று வளர்த்தவர்களை வெறும் வருகையாளர் என்று ஓர் அரசு தீர்ப்பளித்தால் என் செய்வது? தாமே வருகையாளராக வந்த தோட்டத்துரைமார் நிலத்தின் உடைமையாளராயினர். நிலத்தை ஆக்கியவர் விருந்தினராகவும் இல்லாமற்போயினர்.

கான்ட் சொல்லும் உரிமை நாட்டெல்லையிலே செயற்படுவது. வீட்டுக்குள் அது நுழையாது. எந்தச் சட்டந்தான் நுழையும்? 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறக்கச் செய்தன. அவை இரத்தம் சிந்திப் பெற்ற வெற்றிகள். குறைத்து மதிப்பிடுவார் அறியாதார். ஆனால் தேநீர்க்கடையிலே எல்லாருக்கும் ஒரே குவளை என்று ஊர்வலம் போய்ச் சொல்லலாம். எந்த வீட்டு அலுமாரியை எந்த ஊர்வலம் திறக்கும்? பொது இடத்திலே சமத்துவத்தைக் கேட்டு வாங்கலாம். வீட்டுக்குள்ளே அது கொடுக்கப்படவேண்டும். கேட்டு வாங்கினால் அது அவ்விடத்தில் வேறொன்றாகிவிடுகின்றது. இந்த வேறுபாட்டை முற்போக்காளராகிய நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பது என் கருத்து. பொருளாதாரம் மாறினால் அடுக்களையும் மாறும் என்று நம்பியிருந்தோம். மாறும், ஆனால் தானாக அன்று.

மற்றொரு கோணமும் உண்டு. விருந்தை ஏற்பது ஓர் உரிமையாயின் விருந்தளிப்பதும் ஓர் உரிமையே. மதுரையிலே கண்ணகி தன் இழப்புக்களை எண்ணும்போது, விருந்தினரை எதிர்கொள்ள முடியாமற்போனதையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறாள். வீடு இழந்தவர் இழக்கும் பெரும்பேறு அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையும் தோட்டத்தின் சொத்து. துரைமார் காலத்திலே வெளியார் தோட்டத்துள் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்கு வைக்கலாம். தொழிற்சங்கக்காரரைத் தடுக்க அச்சட்டம் பயன்பட்டதை அறிவோம். தம் வாசலில் ஒருவரை வா என்று சொல்லும் அதிகாரமே இல்லாது ஒரு மக்கட்கூட்டம் தலைமுறைகளாக வாழ்ந்தது. நீலகிரியிலும் மாமியாருக்கு வேலை உள்ளவரைதான் வீடு இருந்தது. இப்போது மகனோடு வாடகை வீட்டில் இருக்கிறார்.

இதனை நூலறிவாலே நான் அறிந்தேன் அல்லேன். வருடப்பிறப்பு கழிந்து மூன்றாம் நாள் அவரை அழைத்துக்கொண்டு கண்டி வழியாக ஹட்டனுக்குச் சென்றோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அவர் பிறந்த லயம் நின்றது. தகரக் கூரை மட்டும் மாறியிருந்தது. பாட்டனாரின் தம்பி வழியினர் கொழும்புக்கும் வேறிடங்களுக்கும் போய்விட்டனர். எங்களை அறிந்தவர் எவரும் அங்கில்லை. யாரோ ஒரு பெண் வாசலில் நின்று, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார். அவ்வளவுதான். "அடடே, உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று அந்தப் பெண் வழிவிட்டார். ஐந்து நிமிடத்தில் அந்த அறையில் பதினைந்து பேர் கூடிவிட்டனர். பிளேன்டீயும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்தன. 2024 செப்டெம்பரிலே 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்ட நாட்கூலியில் அப்போது வாழ்ந்த வீடு அது. அன்று விடுமுறை முடிந்து வேலை தொடங்காத நாள்.

என் வீட்டிலே பதினைந்து நாளாகக் கதிரையில் அமராத மாமியார் அங்கே உள்ளே நுழைந்தவுடன் கட்டிலில் ஏறிச் சம்மணமிட்டு அமர்ந்தார். இன்னொரு கிளாஸ் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்றும் சொன்னார். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, "இவரு எங்க மாப்பிள்ளை. யாப்பாணம். வாத்தியாரு. தமிழ்ல பெரிய படிப்பு" என்று ஒன்றும் குறைக்காமல், ஒன்றும் மறைக்காமல் அறிமுகம் செய்தார். என் ஊரையோ தொழிலையோ போர்வையிட்டு மூடவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அந்த அறையிலே ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. அதைத் துடைத்து எனக்குப் போட்டனர். நானும் அமர்ந்துவிட்டேன். அறுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் சுவரோடு நின்றுகொண்டிருந்தார் என்பதைத் தேநீர் குடித்து முடித்த பின்னரே கண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் அதிகம் பேசவில்லை. அந்த இரண்டு சிறுமியரைப் பற்றி லயத்திலே விசாரித்தாராம், ஒருவருக்கும் தெரியவில்லை.

முப்பதாம் நாள் காங்கேசன்துறைக்குச் சென்று வழியனுப்பினோம். என் தாயாரும் வந்திருந்தார். பிரியும்போது மாமியார் அவர் கைகளைப் பற்றி, "அடுத்தது நீங்கதான் வரணும் சம்பந்தியம்மா. கட்டாயம் வரணும்" என்றார். தாயார் கடல் கடந்து எங்கும் சென்றவர் அல்லர். வரும் வழியில் முச்சக்கர வண்டியில் ஒன்றும் பேசாதிருந்தவர், வீட்டுப் படலையண்டை இறங்கியதும், "அங்கை சரியான குளிராம், என்ன?" என்று என் மனைவியைக் கேட்டார். சில நாட்கள் கழித்து, "அவையின்ர வீட்டிலை எத்தினை அறை? நான் போனால் எங்கை படுக்கிறது?" என்று கேட்டார். ஓர் அறைதான், எல்லாரும் கீழேதான் பாய் போட்டுப் படுப்பது என்று மனைவி சொன்னார். தாயார் சற்று யோசித்தார். கடவுச்சீட்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கின்றேன். படம் பிடிக்கப் போகவேண்டும், நல்ல சேலை ஒன்று தோய்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் போகவில்லை.